வாசகர் கேள்வி: டி.பி. போர்டு மாறும் வரை என்ன செய்யலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலில் என் பெற்றோர் காலத்து வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. போர்டில் இன்னும் பீங்கான் ஃபியூஸ்கள்தான் இருக்கின்றன. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவி கிடையாது. கீசர் ஓடும்போது கெட்டிலையும் ஹீட்டரையும் போட்டால் விளக்குகள் மங்குகின்றன, பிளக்குகளுக்கான ஃபியூஸ் அடிக்கடி போகிறது. போர்டை மாற்றப் பணம் சேர்வதற்குள் ஆடி மாதம் முடிந்துவிடும். அதற்கு முன்பே மாரியம்மன் கூழ் வழிபாட்டுக்கு உறவினர்கள் வந்துவிடுவார்கள். இப்போதைக்குச் சற்றுத் தடித்த ஃபியூஸ் கம்பி போட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். போடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஃபியூஸ் காப்பது கெட்டிலையோ ஹீட்டரையோ அன்று, சுவருக்குள் ஓடும் வயரை. 15 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியே உருகுவதற்கு முன் ஏறத்தாழ அதன் இரு மடங்கு மின்னோட்டத்தைச் சிறிது நேரம் தாங்கும். அதையும் தடிமனாக்கினால், ஃபியூஸ் போவதற்குப் பதிலாக, பல ஆண்டுகள் சூடேறி உறை இறுகிப்போன வயர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கருகத் தொடங்கும்.

போர்டு மாறும் வரை உங்கள் கையில் இருப்பது சுமையைக் குறைப்பது ஒன்றுதான். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியரும், 2 கிலோவாட் ஹீட்டரும் அதே அளவு கெட்டிலும் தலா 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும் இழுக்கும். மூன்றும் சேர்ந்தால் 30 ஆம்பியரைத் தாண்டிவிடும். அடுப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஆகவே கீசரை இரவில் எல்லோரும் படுத்தபின் ஓடவிட்டு, காலைச் சமையலுக்கு முன் நிறுத்திவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்போது கீசரின் எலிமென்ட்டை 2 கிலோவாட்டாக மாற்றித் தரச் சொல்லலாம்: 150 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி உயர்த்த ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்துக்குப் பதில் மூன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் மின்னோட்டம் 9 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கூழையும் கறிகளையும் முற்றத்தில் விறகிலோ கேஸிலோ காய்ச்சிக்கொள்ளுங்கள். ஹீட்டரை நேரே சுவர் பிளக்கில் மட்டுமே செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியோ கம்பளத்துக்கு அடியிலோ பயன்படுத்தினால், வயரில் உண்டாகும் சூடு வெளியேற வழி இருக்காது.

விளக்கு மங்குவதற்குச் சுமை மட்டுமே காரணம் என்று விட்டுவிடாதீர்கள். தளர்ந்த இணைப்பும் காரணமாக இருக்கலாம். அத்தகைய இடத்தில் மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மெயின் சுவிட்சை அணைத்து எலக்ட்ரீஷியன் ஃபியூஸைக் கழற்றும்போது, பித்தளை முனைகள் கறுத்திருக்கின்றனவா, பீங்கானில் பழுப்புக் கறை உண்டா என்று அவருடன் நின்று பாருங்கள். போர்டுக்கு அருகே கருவாடு போன்ற வாடை வீசினால் அது பெரும்பாலும் சூடேறும் பிளாஸ்டிக்கின் வாடை. உடனே மெயினை அணைத்துவிடுங்கள். விளக்குகள் மங்குவதற்கு மாறாகத் திடீரென்று அதிகப் பிரகாசம் கொண்டாலும் அப்படியே செய்து, நகராட்சியின் மின் பிரிவை அழையுங்கள். அது தெருவிலிருந்து வரும் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

முழுத் தொகை சேரும்வரை காத்திராமல், முதலில் 30 மில்லியாம்பியர் எர்த் லீக்கேஜ் ஒன்றைப் பொருத்திவிட முடியுமா என்று கேளுங்கள். என் கருத்தில் முதல் பணம் அதற்குத்தான் போகவேண்டும். உறவினர் பிள்ளைகள் ஈரக்கையோடு ஓடியாடும் வீட்டில் பழைய ஃபியூஸ் எந்த உயிரையும் காக்காது. பொருத்தியபின் அது அடிக்கடி விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தால் யாரும் அதைத் தாண்டி வயர் இழுக்க விடாதீர்கள். கீசர் எலிமென்ட்டிலோ வயரிலோ கசிவு இருப்பதைத்தான் அது காட்டுகிறது. அப்படியே எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாக நம்பியிருப்பார்கள். பிற்பாடு குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியபோது எர்த் அறுந்துபோனது யாருக்கும் தெரிந்திருக்காது.

இடைக்கால வேலையானாலும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனையே அழையுங்கள். 2009-ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி இத்தகைய மாற்றத்துக்குப் பின் வேலை விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று அவர் இணக்கச் சான்றிதழ் தரவேண்டும். பின்னாளில் வீட்டை விற்பதானால் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத சான்றிதழைக் கேட்பார்கள்.