அக்ரிலிக் போர்டு எழுத்தில் அடித்த பெயின்ட் ஆறே மாதத்தில் உரிகிறது, என்ன செய்யலாம்?

"நல்ல எனாமல்தான் அடித்தேன்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. லேசரில் வெட்டி வாங்கியிருப்பீர்கள், மேலே ஒட்டியிருந்த தாளை உரித்ததும் பளபளவென்று இருந்திருக்கும், இதில் என்ன அழுக்கு என்று நேரே அடித்திருப்பீர்கள்.

நான் இன்னும் மோசம். 2016இல் விருதுநகரில் ஒரு மளிகைக்கடைக்கு 18 அங்குல எழுத்து. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று என்.சி. தின்னரில், அதாவது லாக்கர் பெயின்ட்டை இளக்கும் காட்டமான கரைப்பானில், துணியை நனைத்துத் துடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வெட்டிய ஓரமெல்லாம் மயிரிழை விரிசல். லேசர் சூட்டில் அந்த ஓரம் இறுகிப்போய் இருக்கும், தின்னர் பட்டால் வெடித்துவிடும் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. பெயின்ட் மூடிக்கொள்ளும் என்று அடித்து, சித்திரையில் மாட்டினேன். ஆடிக் காற்றில் தோல் தோலாகத் தொங்கியது. போதாததற்கு 'க்' மேல் இருந்த புள்ளியும் விழுந்து, ஊரே "மளிகைககடை" என்று வாசித்தது. மறுபடி செய்தது என் கைக்காசில்.

இரண்டாம் தடவை செய்த முறையில்தான் இன்றுவரை செய்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டு, பளபளப்பு முழுக்கப் போய் மங்கும்வரை தேய்க்க வேண்டும். ஓரத்தையும் புள்ளிகளையும் விடாதீர்கள், உரிய ஆரம்பிப்பது அங்கேதான். திரும்பவும் கழுவி, காய்ந்தபின் வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பிரைமர், அதாவது பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்க அடியில் அடிப்பது, ஒரு மெல்லிய கோட். அதற்குமேல் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த பி.யூ. எனும் பாலியூரித்தேன் பெயின்ட், மெல்லிசாக மூன்று கோட். ஒரே கோட்டில் முடிக்க நினைத்தால் வழியும், தின்னரும் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், பெயின்ட் ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே மாட்டவும் வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள்.

எனாமலிலேயே பத்து வருஷம் நின்றது என்று யாராவது கமென்ட்டில் வருவார்கள். தகரத்தில் நின்றிருக்கும், நானும் அடித்திருக்கிறேன். ஒரு மீட்டர் அக்ரிலிக், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். தகரம் அதில் பாதிகூட நீளாது. காய்ந்து விறைத்த எனாமல் இந்த இழுப்புக்கு எத்தனை நாள் தாங்கும்? அடர் நிறமென்றால் வெயிலை இன்னும் இழுக்கும். அப்புறம், உங்கள் எழுத்து அக்ரிலிக்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக் என்றால் அதற்கென்றே தனி பிரைமர் இருக்கிறது, அது இல்லாமல் எதுவும் ஒட்டாது.

அந்த மளிகைக்கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "புள்ளிதானே விழுது, அந்த எழுத்தையே எடுத்துடுங்க தம்பி, அது இல்லாட்டி யாருக்குப் புரியாது?" எழுத்துக் கணக்கில் காசு வாங்குகிற தொழிலில் ஒற்று என்றால் எல்லோருக்கும் வீண்செலவு. கீழே இங்கிலீஷில் சூப்பர் மார்க்கெட் என்று போடும்போது மட்டும் ஓர் எழுத்தைக் குறைக்கச் சொல்லமாட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். 'மளிகை கடை' என்று இருக்கிறது, பெயின்ட் ஓர் இடத்தில்கூட உரியவில்லை.