பழைய காரின் சஸ்பென்ஷன் சத்தங்கள்: கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய பலரும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். இரும்பு வழியாகச் சத்தம் வெகு எளிதாகக் கடந்துவிடுவதால், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்கும்போது இடது பக்கத்துக் கோளாறு வலது பக்கத்தில் ஒலிப்பது சாதாரணம். எனவே சத்தம் எப்போது வருகிறது, எப்போது வராமல் இருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்துவிட்டால், வண்டியைத் தூக்குவதற்கு முன்பே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும்.

கேள்வி: என் கார் வாங்கி 12 ஆண்டுகள் ஆகின்றன. கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போனால் முன்பக்கம் ‘லொட லொட’ என்கிறது. ஆனால் பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. ஷாக் அப்சார்பர் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வேகத்தடையில் நேராக ஏறும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் மேலெழுவதால், அவற்றை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. கரடுமுரடான சாலையில் ஒரு சக்கரம் எழும்போது மற்றொன்று தாழ்கிறது. அப்போது பார் முறுகி, அதன் இரு முனைகளிலும் உள்ள லிங்க் என்ற சிறு இணைப்புத் தண்டுகளை மாறி மாறி இழுக்கவும் தள்ளவும் செய்கிறது. லிங்க்கில் இருக்கும் சிறிய பந்துமூட்டு தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஒலிக்கும். பாரைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் புஷ் என்ற ரப்பர் உறை தளர்ந்திருந்தாலும் ஏறத்தாழ இதே சத்தம்தான் வரும்.

உறுதி செய்ய எளிய வழி, இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, பார் எதன்மீதும் உரசாதபடி கட்டி வைத்து, போக்குவரத்து இல்லாத இடத்தில் மிக மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பது. திருப்பங்களில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால் இதைச் சோதனைக்காக மட்டுமே செய்ய வேண்டும். சத்தம் மறைந்துவிட்டால், ஷாக் அப்சார்பருக்குச் செலவிட இருந்த பணம் மிச்சம்.

கேள்வி: ஓடும்போது எந்தச் சத்தமும் இல்லை. பிரேக் மிதிக்கும்போது ஒரு ‘டக்’, ரிவர்ஸ் எடுத்து மீண்டும் முன்னே நகரும்போது இன்னொரு ‘டக்’. இது எதனால்?

பதில்: சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழ்ப்பக்கத்தில் இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷை முதலில் சந்தேகிக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, வண்டியின் உடல் முன்னோக்கிப் போக முயல்கிறது; இவ்விரண்டுக்கும் இடையில் நின்று அந்த விசையைத் தாங்குவது அந்த ரப்பர்தான். அது கிழிந்துவிட்டால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இரும்போடு இரும்பாக மோதுகிறது.

ஆனால் எஞ்சினைத் தாங்கி நிற்கும் எஞ்சின் மவுண்ட் உடைந்திருந்தாலும் இப்படி ஒரு ‘டக்’ வரும். இரண்டையும் பிரிக்க, சமதளத்தில் மெதுவாக உருளும்போது வண்டியை நியூட்ரலில் போட்டு பிரேக்கைச் சட்டென்று மிதியுங்கள். எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்துக்குப் போகாத அந்த நிலையிலும் சத்தம் வந்தால், புஷ் மீதான சந்தேகம் வலுக்கிறது.

புதிய புஷ் பொருத்தும்போது ஒன்றை மெக்கானிக்கிடம் வலியுறுத்திச் சொல்லுங்கள். சக்கரம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்மின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும்; விரைவிலேயே கிழியும். வண்டியின் எடை சக்கரங்களின்மீது அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். நல்ல புஷ்கள் சில மாதங்களிலேயே போய்விட்டன என்று வருந்துகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

கேள்வி: வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால், பாதியில் ‘ணங்’ என்று கம்பி விடுபட்டது போல ஒலிக்கிறது.

பதில்: ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள பேரிங் இறுகிவிட்டது. ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சீராகச் சுழல வேண்டிய காயில் ஸ்பிரிங் அங்கேயே பிடிபட்டு, முறுக்கேறி, பிறகு ஒரே துள்ளலில் விடுபடுகிறது. ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சுருள்களுக்கு நடுவே விரலை விடவே கூடாது. நல்ல பேரிங்காக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சுற்றுவது தெரியும். கெட்டதாக இருந்தால் கைக்கடியில் அது மெல்ல இறுகிக்கொண்டே போய், சத்தம் வரும் அதே நொடியில் துள்ளுவதை உணர்வீர்கள். இதற்குப் பிறகு வேறு சோதனை தேவைப்படாது.

கேள்வி: ஷாக் அப்சார்பர், லிங்க், லோயர் ஆர்ம் மூன்றையும் மாற்றியாயிற்று. சின்ன மேடு பள்ளங்களில் ‘கடகட’ மட்டும் போகவில்லை. மனம் வெறுத்துவிட்டது.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது; என் பழைய காரிலும் இதே கதை நடந்தது. லிங்க்கை மாற்றினேன், ஆர்மை மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. ஒரு நாள் அந்தச் சாலையில் போகும்போது பிரேக்கின்மேல் காலை லேசாக, வேகம் குறையாத அளவுக்கு வைத்தேன்; சத்தம் நின்றது. காலை எடுத்தேன், மீண்டும் வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பேடை அசையாமல் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டுக் கிளிப் ஒன்று அங்கே இல்லவே இல்லை. பேடை விரலால் தள்ளியபோது, பல நாள் கேட்ட அதே சத்தம் என் கையிலேயே எழுந்தது.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பிரேக்கில் கால் வைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், புதிய ஷாக் அப்சார்பரின் உச்சி நட் முழுதாக இறுகியிருக்கிறதா, அதன் உச்சியைப் பிடித்திருக்கும் பழைய மவுண்டையே திரும்பப் பொருத்திவிட்டார்களா என்று பாருங்கள். சைலன்சரின் வெப்பத் தகடு, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னியின் பிடிப்பு ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மழை பெய்தால் நின்றுவிடும் ‘கிரீச்’ சத்தத்துக்கு எஞ்சின் ஆயில் தடவலாமா?

பதில்: கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்து, எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். சிலிகான் ஸ்பிரே ரப்பரைக் கெடுக்காது. ஆனால் அது தற்காலிக நிவாரணம்தான்.

கேள்வி: 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ‘ஊம்’ என்ற முழக்கம் வருகிறது. டயரா, பேரிங்கா?

பதில்: வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்புறச் சக்கரத்துக்கு மாறுகிறது. இடப்பக்கம் திரும்பும்போது முழக்கம் கூடி, வலப்பக்கம் திரும்பும்போது குறைந்தால், வலது பக்கத்து வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எப்படித் திருப்பினாலும் மாறாமல், சாலையின் பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் பெரும்பாலும் டயர்தான்.

கேள்வி: எந்தச் சத்தம் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது?

பதில்: லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்துமூட்டான பால் ஜாயின்ட்டின் சத்தம். ஸ்டீயரிங் திருப்பும்போது முனகலாகத் தொடங்கி, பிறகு பள்ளங்களில் கனமான ‘டொக்’ என்று மாறும். அது கழன்றுவிட்டால் சக்கரம் மடங்கி, ஸ்டீயரிங் கைவிட்டுப் போய்விடும். சோதிக்க, வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டின்மீதே முதல் சந்தேகம். ஸ்பிரிங் லோயர் ஆர்மின்மேல் அமர்ந்திருக்கும் வண்டிகளில், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால்தான் மூட்டின் மீதுள்ள பாரம் நீங்கி ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனை மூட்டான டை ராட் எண்டைப் பாருங்கள். பால் ஜாயின்ட்டோ டை ராட் எண்டோ ஆடுவது உறுதியானால், வொர்க்‌ஷாப் பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.