பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

நடுத்தர விலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி, அதை மெல்ல மெல்லத் தேற்ற நினைப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, முதல் தடவையாகப் பழைய கிட்டார் பார்க்கப் போகிறேன். கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை. பிராண்ட், பெயின்ட், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) எல்லாம் அப்புறம். பிக்கப்பை ஒரு மாலையில் மாற்றிவிடலாம். முறுக்கிப்போன நெக்கை நேராக்குவது பெரும்பாடு.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் சாவிகள் உள்ள தலைப்பகுதி) பக்கமிருந்து பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வரைக்கும் ஃபிங்கர்போர்டின் (விரல் அழுத்தும் பலகை) இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் டிரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருப்பிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஓர் ஓரம் ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் போனால், பேரத்தை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். 7, 8-ஆவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. கம்பி ஒட்டிக்கொண்டே இருந்தாலோ, இடைவெளி ஒரு மி.மீ. வந்தாலோ டிரஸ் ராட் வேலை செய்கிறதா என்று தெரிந்தே ஆக வேண்டும். விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், டிரஸ் ராடில் சாவி நுழையும் இடம் தேய்ந்து வட்டமாகிவிட்டதா என்றாவது பாருங்கள். அது தேய்ந்திருந்தால் அந்த நெக்கைத் திருத்துவது சின்ன வேலை இல்லை.

ஃபிரெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

நன்றாக வாசிக்கப்பட்ட கிட்டார் என்றால் முதல் சில ஃபிரெட்களில் பள்ளம் இருக்கத்தான் செய்யும். ஆழம் குறைவாக இருந்தால் ஃபிரெட் லெவலிங் (எல்லா ஃபிரெட்டையும் ஒரே உயரத்துக்குத் தேய்ப்பது) போதும். ஆனால் ஒவ்வொரு லெவலிங்கிலும் ஃபிரெட்டின் உயரம் குறையும். ஏற்கெனவே தட்டையாகக் கிடந்தால் முழுக்க ரீஃபிரெட் செய்யவேண்டி வரும், அதாவது ஃபிரெட்களைக் கழற்றிப் புதிதாகப் பதிக்க வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு பழைய கிட்டாரே கிடைத்துவிடலாம். ஆம்ப்ளிஃபையரில் மாட்டாமல் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வாசித்துப் பாருங்கள். 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேலே மெல்லிய கம்பிகளைப் பக்கவாட்டில் தள்ளி, ஒரு முழு ஸ்வரம் ஏறும்படி பெண்ட் செய்யுங்கள். ஒலி நடுவில் செத்துப்போனால் அங்கே ஃபிரெட் சமமாக இல்லை.

லெஸ் பால் வகை கிட்டார்களில் தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டை) பின்புறம், கழுத்து மெலிகிற இடம். ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, தலைமுடி மாதிரிக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். நன்றாக ஒட்டப்பட்ட நெக் பல வருடம் தாங்கும். விலை மட்டும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

பழைய யமஹா பசிஃபிகா 112 ஒன்று வாங்கியிருக்கிறேன். உடனே நல்ல பிக்கப் போட ஆசை. எது வாங்கலாம்?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் புதுக் கம்பி போட்டு முழு செட்டப் செய்யுங்கள். நெக்கின் வளைவு, கம்பியின் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), பிக்கப் உயரம், இந்த வரிசையில். 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரம், அதே இடத்து ஹார்மானிக்கை (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) விட ஏறி ஒலித்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு துண்டு) பின்னால் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் நெக் பக்கம் கொண்டு வாருங்கள்.

பிக்கப் உயரத்தைப் பலரும் தொடுவதே இல்லை. சிங்கிள் காயில் (ஒரே சுருள் உள்ள) பிக்கப் கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து, தடித்த கம்பிகள் உயர்ந்த ஃபிரெட்களில் சுருதி விலகி அலைகிற மாதிரி கேட்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் தீர்கிற இந்தக் குறைக்குப் புதுப் பிக்கப் வாங்கியவர்கள் நிறையப் பேர். ஒரு மாதம் அப்படியே வாசியுங்கள். அதற்குப் பிறகும் எது பிடிக்கவில்லை என்று உங்களால் சொல்ல முடிந்தால், அப்போது பிக்கப் பற்றிப் பேசலாம்.

ட்யூனிங் நிற்கவே மாட்டேன் என்கிறது. லாக்கிங் ட்யூனர் (கம்பியை இறுக்கிப் பூட்டும் ட்யூனிங் சாவி) போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் குற்றவாளி நட். ட்யூனிங் சாவியை மெல்லத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு ஸ்வரம் சட்டென்று தாவினால், கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம். பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் தேறினால் நோய் அங்கேதான். எலும்பு அல்லது கிராஃபைட் நட்டைச் சரியாக அறுத்துப் போடச் சொல்லுங்கள். லாக்கிங் ட்யூனரால் கம்பி மாற்றுவது சுலபமாகும், சுற்றுகளும் குறையும். நட்டின் சிக்கலை அது தீர்க்காது.

சிங்கிள் காயில் கிட்டாரில் ஹம்பக்கர் (இரண்டு சுருள் உள்ள பிக்கப்) போடுகிறேன். பாட்களையும் (வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே உள்ள பொட்டென்ஷியோமீட்டர்கள்) மாற்ற வேண்டுமா சார்?

சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். 250-இலேயே விட்டால் மேல் ஸ்தாயிக் கூர்மை கொஞ்சம் மழுங்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும், அதனால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். காயில் ஸ்பிளிட் (ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் ஒலிக்கவைப்பது) வேண்டுமென்றால் நான்கு வயர் உள்ள ஹம்பக்கராக வாங்குங்கள். வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவர்களுடைய வரைபடத்தையே பாருங்கள். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்து மூக்கடைத்த மாதிரி வந்தால், ஒன்று எதிர் ஃபேஸில் இருக்கிறது, அதாவது இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று குறைக்கிறது.

வால்யூம் திருப்பினால் கரகரவென்கிறது.

காண்டாக்ட் கிளீனரை வால்யூம் பாட்-க்குள் அடித்து இருபது முப்பது தடவை திருப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த பாட்-ஐ மாற்றுங்கள், விலை அற்பம்தான்.

ஸ்ட்ராட் வகை கிட்டாருக்கு எடையுள்ள ஸ்டீல் பிளாக் வைத்த டிரெமலோ (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்) பொருந்துமா?

அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். இரண்டு தூணில் நிற்பதா ஆறு ஸ்க்ரூவா, ஓரத்து ஸ்க்ரூ இரண்டுக்கும் நடுவே எவ்வளவு, முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே எவ்வளவு, பிளாக்கின் ஆழம் எவ்வளவு. மாடலுக்கு மாடல் இவை மாறும். பிளாக் நீளமாக இருந்தால் பின்பக்க மூடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்ளும்.

இவ்வளவு செலவு செய்து பிறகு விற்றால் பணம் திரும்புமா?

திரும்பாது. வாங்க வருபவர் அந்த மாடலின் சந்தை விலையைத்தான் பார்ப்பார், நீங்கள் போட்ட பிக்கப்பின் விலையை அல்ல. அதனால் புதுத் துளை போடாமல் பொருந்துகிற பாகங்களாகவே வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை, ஸ்க்ரூ உட்பட, ஒரு பையில் போட்டு எந்த கிட்டாருடையது என்று எழுதி வையுங்கள். விற்கும் நாளில் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு, நல்ல பிக்கப்பை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.