எலியின் பாத வீக்கம் செட்ரிசினுக்கு ஏன் வற்றவில்லை?

தங்கச்சி, கொழும்பில் உங்கள் ஆய்வுகூடத்தில் எலியின் பாதத்தில் வீக்கம் வரவைக்க டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சேர்மத்தை ஏற்றினீர்கள், ஒவ்வாமை மருந்தான செட்ரிசின் கொடுத்தும் வீக்கம் கொஞ்சம்தான் குறைந்தது, டோஸை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மருந்தில் குறை இல்லை என்றே நினைக்கிறேன்.

மனிதரின் ஒவ்வாமை என்றால் முதலில் ஹிஸ்டமின்தான் நினைவுக்கு வரும். எலியின் மாஸ்ட் செல்லோ (ஒவ்வாமைப் பொருள்களைச் சேமித்து வைத்து வெளிவிடும் செல்) ஹிஸ்டமினோடு செரட்டோனினையும் வெளிவிடும். இரண்டுமே அதன் இரத்தக்குழாயைக் கசிய வைக்கும். செட்ரிசின் ஹிஸ்டமின் என்ற ஒரு கதவைத்தான் அடைக்கிறது. இரண்டையும் தடுக்கும் சைப்ரோஹெப்டடினை ஒப்பீட்டுக்கு ஒரு குழுவாக வையுங்கள், வித்தியாசம் தெரியும். ஆனால் புது மருந்து சேர்க்குமுன் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்திய அனுமதி கட்டாயம் எடுங்கள்.

அப்புறம் நேரம். டெக்ஸ்ட்ரான் வீக்கம் சீக்கிரமே ஏறிவிடும். காராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளால் வீக்கம் உண்டாக்கும் சோதனைபோல 3 மணித்தியாலம் கழித்து மட்டும் அளந்தால் முக்கியமான கட்டம் தவறிப்போகும். காராஜீனன் சோதனையில் பிந்திய வீக்கத்தை நடத்துவது அழற்சியைத் தூண்டும் புரொஸ்டாகிளாண்டின், அதனால்தான் அதன் உற்பத்தியைத் தடுக்கும் இன்டோமெதசின் அந்தச் சோதனையில் நன்றாக வேலை செய்கிறது.

எலிகளைக் கைக்குப் பழக்கினீர்களா? பயந்த எலியில் கோர்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும், அதுவே வீக்கத்தைக் குறைத்து எல்லாக் குழுக்களின் அளவையும் குழப்பும். சில எலிகள் பிறவியிலேயே டெக்ஸ்ட்ரானுக்கு வீங்காது. மருந்து கொடுக்காத குழுவில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு எலியின் அளவையும் தனித்தனியாகப் பாருங்கள்.