சேலம் நகர அரசியல்: கேட்டவர்களுக்கு என் பதில்

(நாற்பது வருடமாக வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

அழகாபுரத்திலிருந்து: "சேலம் வடக்கு" என்று ஒரு தொகுதியே கிடையாது என்கிறார் அப்பா. உண்மையா?

அவர் காலத்தில் சேலம் 1, சேலம் 2 தான். 2008 தொகுதி மறுசீரமைப்பில் வடக்கு, தெற்கு, மேற்கு வந்தன. 2011-இல் வடக்கில் ஜெயித்தது தேமுதிக. 2016, 2021 இரண்டிலும் திமுக. 2021-இல் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் திமுகவுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்.

குகையிலிருந்து: 1944 மாநாட்டுக்கு முன் இங்கே அரசியல் இல்லையா?

நிறைய இருந்தது. 1917-இல் ராஜாஜி நகராட்சித் தலைவர். 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். ஆனால் ஓட்டு, வரி கட்டும் சிலருக்கு மட்டும். 1944 ஆகஸ்ட் 27-இல் இங்கே நடந்த அந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. வெள்ளைக்கார அரசு கொடுத்த பட்டங்களைத் துறக்கச் சொன்னது அண்ணாவின் தீர்மானம். அரசியல், வக்கீல் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கியது அப்போதுதான் என்பேன். 1952-இல் எல்லோருக்கும் ஓட்டு வந்ததும் தறிக்காரர் வீட்டுக்கும் வேட்பாளர் போயே ஆக வேண்டியதாயிற்று.

அம்மாப்பேட்டையிலிருந்து: படிப்பகங்கள் எங்கே போயின?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். திராவிடர் கழகத்தின் விடுதலையும் வரும், கம்யூனிஸ்டுகளின் ஜனசக்தியும் வரும். நூல் விலை, கூலி உயர்வு எல்லாம் அங்கேதான் சண்டையாகும். ராத்திரி போஸ் மைதானத்தில் கூட்டம் என்றால், எதிர்க்கட்சிக்காரரும் பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டு மறுநாள் டீக்கடையில் பதில் சொல்வார். அப்புறம் தறி குறைந்தது, டிவி வந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றாயிற்று. இன்று வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள், ஒரு வாட்ஸ்அப் குழு. வேலை சுத்தமாக நடக்கிறது. எதிர்த்தரப்பு பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க மட்டும் இடமில்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

பொன்னம்மாப்பேட்டையிலிருந்து: பணம் கொடுத்தால்தான் ஓட்டா?

இல்லை. வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டவர்களை எனக்கே தெரியும். ஆனால் பணம் வந்த பிறகு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நஷ்டம் அங்கேதான்.

முதல் ஓட்டுப் போடப்போகும் மாணவி: நான் எங்கே தொடங்குவது?

சேலம் மாநகராட்சிக்கு 60 வார்டுகள். உங்கள் வார்டில் பகுதி சபை (அந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம்) எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். நான் போனபோது கூட்டம் குறைவு. குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எழுந்து நின்று கேட்டவர்கள் பெண்கள்தான். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.