ஈயக் குட்டை மீனைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவர் வாராவாரம் பழைய ஈயக் குட்டையில் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய நீரில்) தூண்டில் போட்டு விரால், திலாப்பியா கொண்டுவருவார். மகனுக்கு 4 வயது. தங்கை மாசமாக இருக்கிறாள். பிள்ளை பெற்றதும் புண் ஆற விரால் கொடுக்க வேண்டும் என்கிறார் அம்மா. குட்டை மீனில் ஈய விஷம் இருக்கிறதாம், புளி ஊற்றிக் காய்ச்சினால் போய்விடுமாம். உண்மையா?

பதில்: புளிக்கு மீன் வாடை போகும், உலோகம் போகாது. ஈயத்தோடு மீனில் பார்க்க வேண்டிய இன்னொரு உலோகம் பாதரசம். அது சதையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் அப்படியேதான் இருக்கும்.

ஈயம் என்ற பெயரில்தான் குழப்பம். குட்டையில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது காரீயம், அது வேறு உலோகம். ஆனால் வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் என்ற நஞ்சு உள்ள கனிமமும் பல இடங்களில் சேர்ந்தே கிடக்கும். தோண்டிப் போட்ட மண்ணும் சேறும் இன்னும் அங்கேதானே இருக்கின்றன? அதனால் பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன்.

காரீயமும் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் சதையைவிட ஈரல், சிறுநீரகம், செவுள் போன்றவற்றில்தான் அதிகம் சேரும். குடலையும் ஈரலையும் கிழியாமல் எடுத்து வீசுங்கள். குட்டை மீனில் தலைக் கறி வேண்டாம். எனக்கும் தலைதான் பிடிக்கும், என்ன செய்வது!

பாதரசத்துக்கு இந்தச் சுத்தம் போதாது. சின்ன மீனைத் தின்று வளரும் விராலிலும் தோமானிலும் (பெரிய விரால் வகை) அது கூடிக்கொண்டே போகும். பாசி தின்னும் திலாப்பியாவில் பொதுவாகக் குறைவு. உலக அளவிலான நிபுணர் குழு 2003-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் (மீனில் பெரும்பாலும் இருக்கும் பாதரச வடிவம்). உங்கள் மகன் 15 கிலோ என்றால் 24 மைக்ரோகிராம். ஒரு பேச்சுக்கு, கிலோ மீனில் 300 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 80 கிராமிலேயே அவன் அளவு முடிந்தது. 60 கிலோ உள்ள அப்பாவுக்கு 320 கிராம். ஒரே குழம்புதான், ஆனால் தட்டுக்குத் தட்டு கணக்கு மாறும்.

கர்ப்பிணியின் உடம்பில் சேரும் பாதரசம் குழந்தைக்கும் போகும். அதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 50 நாளாகும். ஆகவே தங்கைக்கு இப்போதே குட்டை விரால் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு அம்மா ஆசைப்படி கொடுக்கலாம், பண்ணையில் வளர்த்த விராலை வாங்கி. மீனையே நிறுத்திவிடாதீர்கள்; கெம்போங் மாதிரி சின்னக் கடல் மீன் தங்கைக்கும் மகனுக்கும் நல்லது.

அப்புறம், உங்கள் கணவரின் தூண்டில் பெட்டியைத் திறந்து பாருங்கள். தூண்டில் நரம்பில் கோக்கும் அந்தக் குண்டு பெரும்பாலும் அசல் காரீயம். பலர் அதைப் பல்லால் கடித்துத்தான் நெரிப்பார்கள். குறடு வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள். பெட்டி அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.