கோப்புறைக்குள் இருக்கும் நூலகம் ஏன் கிடைக்கவில்லை?

வணக்கம். லினக்ஸில் உங்கள் செயலியை ஒரே கோப்புறையாகக் கட்டி, ரன்பாத்தில் (நூலகங்களை, அதாவது செயலி ஓடும்போது ஏற்றப்படும் துணை நிரல் கோப்புகளை, எங்கே தேடுவது என்று கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்பு) டாலர் குறியுடன் ஒரிஜின் (அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறை என்று பொருள்) என்று கொடுத்த பிறகும், வேறொரு கணினியில் இரண்டாவது நூலகம் மட்டும் கிடைக்கவில்லை என்று பிழை வருவதாக எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் செய்தது சரிதான், ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ரன்பாத் என்பது அது எழுதப்பட்டுள்ள கோப்பு நேரடியாகக் கேட்கும் நூலகங்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த நூலகம் தன் பங்குக்கு, உங்கள் இரண்டாவது நூலகத்தைப் போல, இன்னொன்றைக் கேட்கும்போது முதன்மை நிரலின் ரன்பாத் கணக்கில் வராது. இதே வேலைக்கான பழைய குறிப்பான ஆர்பாத் அப்படியல்ல என்பதால், பழைய வழிகாட்டிகளைப் படித்து வருபவர்கள் பலரும் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். உங்கள் கணினியில் அந்த இரண்டாவது நூலகம் கணினியின் பொது நூலக இடத்திலும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அங்கே குறை வெளியே தெரியவில்லை.

ஆகவே நீங்கள் நூலகங்களை வைத்திருக்கும் லிப் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு நூலகத்துக்கும், தொகுத்த கோப்பில் இந்தக் குறிப்பை மாற்றும் கருவியான பேட்ச்எல்ஃப் கொண்டு தனித்தனியாக ரன்பாத் எழுதுங்கள். அவை அனைத்தும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரிஜின் மட்டும் போதும். கட்டளையில் அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதைத் தன் மாறியாக எண்ணி வெறுமையாக்கிவிடும்; நான் இதில் ஒரு மாலைப்பொழுதையே இழந்திருக்கிறேன்.

பிறகு எந்த நூலகம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டி, நீங்கள் சேர்த்த நூலகங்கள் எல்லாம் உங்கள் கோப்புறையையே சுட்டுகின்றனவா என்று பாருங்கள். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியை மட்டும் தயவுசெய்து உள்ளே வைக்காதீர்கள், ஏனெனில் அது அந்தந்தக் கணினியின் ஏற்றியுடன் (நிரலையும் நூலகங்களையும் நினைவகத்தில் ஏற்றும் நிரல்) பிணைந்தது. நீங்கள் ஆதரிக்க விரும்பும் வினியோகங்களில் மிகப் பழையதில் தொகுப்பதே, பழைய ஜிலிப்சி உள்ள கணினிகளிலும் செயலி ஓடுவதற்கு வழி.